இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு மூடுகிறவள்

பிளாஸ்க் அக்காவின் பிளாஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதில் அந்த ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. கணக்குப் பிரிவு காபி என்றது. டெஸ்டிங் பிரிவு உடம்பு இளைக்கிற மருந்து என்றது. இளைத்தமாதிரி தெரியவில்லையே என்று யாராவது கேட்டால், அதனால்தான் பத்து வருஷமாக விடாமல் குடிக்கிறாள் என்று பதில் வரும். உள்ளே இருந்தது வெறும் வெந்நீர். அக்காவே பலமுறை சொல்லிவிட்டாள். அவளே சொன்னதால் ஒருத்தரும் நம்பவில்லை.

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஆபீஸ். இருபத்தாறு பேர். சலவைக் கடைகளுக்கு சாப்ட்வேர் எழுதுகிறவர்கள். துணி மூட்டை வந்தால் ஒரு எண் போடும். அந்த எண்ணை அட்டையில் அடித்துக் கொடுக்கும். இஸ்திரி ஆகி அலமாரிக்குப் போனதும் துணிக்காரருக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை எழுதுகிறவர்கள் நடையைப் பார்த்தால் ராக்கெட் விட்டுவிட்டு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். கட்டடத்தில் ஒரு லிஃப்ட் உண்டு. வாரத்தில் மூன்று நாள் ஓடும். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டது. இது மட்டும் வேறு கம்பெனியுடையது. ஆகவே லிஃப்ட் மெக்கானிக்கின் சம்சாரம் பத்து வருஷமாகப் பாதி நாள் படி ஏறித்தான் வேலைக்கு வந்தாள். இதை வைத்து ஆபீசில் யாரும் அடிக்காத ஜோக் பாக்கி இல்லை.

அக்கா முதலில் வந்து உட்கார்ந்தது வாசலில், வரவேற்பு மேஜையில். போன் எடுப்பது வேலை. அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று. எதிர்முனையில் பேச்சு நின்றுபோனால் மற்றவர்கள் டக்கென்று போனை வைத்துவிடுவார்கள். அக்கா வைக்கமாட்டாள். "இருக்கீங்களா?" என்பாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அப்புறமும் சத்தமில்லை என்றால், "சரிங்க, வெச்சுடறேங்க" என்று காற்றுக்குச் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

நாளாக ஆகப் போன் அடிப்பது குறைந்தது. கதவில் விரல் வைத்தால் திறக்கிற மெஷின் வந்தது. வரவேற்பு மேஜையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு செடி வைத்தார்கள், அதுவும் பிளாஸ்டிக். அக்காவை உள்ளே கூப்பிட்டுப் புகார்ப் பட்டியலுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

புரோகிராம்காரர்கள் தாங்கள் எழுதுவதை எல்லாம் இணையத்தில் ஒரு இடத்தில் சேர்த்து வைப்பார்கள். எந்த வரியை யார் எப்போது மாற்றினார், மாற்றி எதைக் கெடுத்தார் என்பதுகூட அங்கே அழியாமல் இருக்கும். ஆபீசில் அதற்குக் கிடங்கு என்று பேர். அந்தக் கிடங்கிலேயே ஒரு பக்கம் புகாருக்கு. 'அட்டை தலைகீழாக அடிக்கிறது', 'பேரில் புள்ளி வைத்தால் திரை உறைந்துபோகிறது' என்று ஆபீஸ்காரர்களும் எழுதலாம், கடைக்காரர்களும் எழுதலாம். அக்காவின் வேலை, ஒவ்வொன்றையும் திறந்து படித்து 'அவசரம்', 'பிறகு', 'புரியவில்லை' என்று ஏதாவது ஒரு லேபிள் ஒட்டுவது. கதை முடிந்துபோன புகாரை மூடுவது. மூடுவதற்கு முன்னால் அங்கேயும் பழைய புத்திதான். "இருக்கீங்களா? இது இன்னும் இருக்கா?" என்று ஒரு வரி எழுதிப்போட்டு, நாலைந்து நாள் பார்த்துவிட்டு மூடுவாள். ஒரு நாளைக்கு ஆறு மூடுவாள். ஏழு புதிதாக வரும். இப்படியே பட்டியல் ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது.

அதே ஆபீசில்தான் அக்காவின் நாத்தனாரும். டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவி. படிப்பு, பட்டம், பேச்சு எல்லாமே கொஞ்சம் உயரம். இந்த வேலை காலியாக இருக்கிறது என்று விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே அக்காதான். அந்தப் பேச்சை இப்போது இரண்டு பேருமே எடுப்பதில்லை. ஒருத்தி பெருந்தன்மையால், இன்னொருத்தி மறதியால்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். எதற்கெடுத்தாலும் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்பதால் அவருக்குப் பின்னால் 'ஒருநிமிஷம்' என்று பேர்.

"ஒரு நிமிஷம், எல்லாரும் கேளுங்க. பதினோரு கிளை லாண்டரிக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை நேர்ல வர்றாரு. இதுவரைக்கும் கிளைக்கு ஒரு வரிசையா எண் போட்டுக்கிட்டிருந்தவரு, இனிமே பதினொண்ணுக்கும் சேத்து ஒரே வரிசைன்னு கேக்கறாரு. பெரிய வேலை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நம்ம புகார்ப் பட்டியலைப் பாக்கணுமாம். ஆயிரத்து இருநூத்திப் பதினெட்டு! பாத்தா என்ன நினைப்பாரு?"

"யாரு திட்டினாலும் பொறுமையா கேட்டுக்கற கம்பெனின்னு நினைப்பாரு சார்," என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருநிமிஷம் சிரிக்கவில்லை.

"அவரு வர்றதுக்குள்ள நூறுக்குக் கீழ வரணும். வரலைன்னா, வெளிய ஒரு கம்பெனி இருக்கு, மெஷினை வெச்சு மொத்தமா பாத்துக்கறாங்களாம். அப்புறம் அந்த சீட்டுக்கு..."

மீதியைச் சொல்லாமல் வாசல் பக்கம் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். திரும்பி வரவேற்புக்கே போகலாம் என்றால் அங்கே செடி உட்கார்ந்திருந்தது.

"மெஷின் வெச்சுத்தான் ஆகணும்னா நானே வெச்சுக்கறேன் சார்," என்றாள் அக்கா.

நாத்தனார் பேனாவை மூடினாள். "அண்ணி, அதுக்கு ஏ.பி.ஐ. தெரியணும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய லூப் எழுதணும்."

"ஏம்மா, ரெண்டையும் நீ இடுப்புல முடிஞ்சா வெச்சிருக்க? எழுதி வெச்சதுதான, படிச்சுக்கறேன்."

ஆபீசில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி: மூன்று மாசத்துக்கு முன்னால் நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் அக்கா ஆறு வாரம் உட்கார்ந்திருந்தாள். பைத்தான் என்கிற புரோகிராம் மொழி படித்தாள். வீட்டில் மாமியாரிடம் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். ஆறு வாரம் முடிந்தும் ஒரு பொத்தான்கூடத் தைத்துக் காட்டவில்லையே என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கு மட்டும் உண்மை தெரியும். "நாங்க ஒயரை இழுத்து இழுத்துப் பண்ணதை இப்ப லிஃப்ட்ல புரோகிராம் போட்டுப் பண்றாங்க. நீ கத்துக்க. அப்புறம் எனக்குச் சொல்லிக் குடு. ஆனா திட்டாம சொல்லிக் குடு," என்றார் அவர்.

கிடங்குக்கு இரண்டு வாசல். மனுஷர் போகிற வாசலில் படம், பட்டன், நிறம் எல்லாம் இருக்கும். மெஷினுக்கு ஒரு ஜன்னல்தான். சொன்ன முகவரிக்குச் சொன்ன வடிவத்தில் ஒரு சீட்டு நீட்டினால் உள்ளேயிருந்து பதில் வந்து விழும். அந்த ஜன்னல்தான் ஏ.பி.ஐ. எதைக் கேட்டால் என்ன வரும் என்று கிடங்குக்காரர்களே பக்கம் பக்கமாக, உதாரணத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். சீட்டோடு டோக்கன் என்று நீளமாக ஒரு எழுத்துக்கோவையையும் காட்ட வேண்டும். யாருடைய டோக்கனோ அவரே நேரில் வந்து செய்ததாகத்தான் கிடங்கு எடுத்துக்கொள்ளும். அக்கா தன் டோக்கனை வாங்கிக்கொண்டாள். விளக்கத்தைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள்.

புதன்கிழமை முதல் புரோகிராம் ஓடியது. திறந்திருக்கிற புகாரையெல்லாம் எடுத்துக் கொடு என்று ஒரு சீட்டு. பதில் வந்து விழுந்தது. எண்ணிப் பார்த்தால் முப்பது.

நாத்தனார் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "பரவாயில்லையே அண்ணி! முப்பதுதானாம். சார்கிட்ட போய் சொல்லிடுங்க, வேலை முடிஞ்சுதுன்னு."

"மெஷின் பொய் சொல்லுது."

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி. நாமதான் தப்பாக் கேப்போம்."

"'பிறகு'ன்னு மட்டும் அறுநூறு ஒட்டியிருக்கேன் இந்தக் கையால. என் கைக்குத் தெரியாதா?"

மறுபடி விளக்கத்தைத் திறந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். கடைசியில் அகப்பட்டது. அந்த ஜன்னல் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் தரும். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் அடுத்த பக்கம் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கொடுத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டமாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

"அடேயப்பா, இது அப்படியே உங்கம்மா," என்றாள் அக்கா. "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. அப்புறம், அப்புறம்னு நாமதான் பிடுங்கணும்."

"எங்கம்மாவையா சொல்றீங்க?"

"குறையாச் சொல்லலைம்மா. பத்து வருஷமா பழகினதால உடனே புரிஞ்சுதுன்னு சொல்றேன்."

பக்கத்துக்கு நூறு என்று கேட்டு, அப்புறம் அப்புறம் என்று பதின்மூன்று பக்கம் பிடுங்கியதும் எண்ணிக்கை சரியாக ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. அதில் ஒரு வருஷமாக யாரும் தொடாதது ஆயிரத்து நூற்று இருபத்தாறு. அதை மூடிவிட்டால் பாக்கி தொண்ணூற்றிரண்டு. ஒருநிமிஷம் கேட்ட நூறுக்கு எட்டு குறைவு.

"அப்புறம் என்ன? மொத்தமா மூடிடுங்க. ஒரு வரிதான்," என்றாள் நாத்தனார்.

"கேக்காமயா?"

"யாரைக் கேக்கப் போறீங்க? எழுதினவங்கள்ல பாதிப் பேரு வேலையை விட்டே போயாச்சு."

"பேசிக்கிட்டே இருக்கறவங்க திடீர்னு போனாலும் கேட்டுட்டுத்தான போனை வெப்போம்?"

நாத்தனார் ஒரு பெருமூச்சு விட்டாள். அண்ணனை இவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பெண்பிள்ளையிடம் வாய் கொடுத்து ஜெயித்ததில்லை என்ற பெருமூச்சு.

அக்கா எழுதிய புரோகிராம் இதுதான்: ஒவ்வொரு பழைய புகாரின் அடியிலும், 'இருக்கீங்களா? இது இன்னும் இருக்கா? அடுத்த புதன்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லலைன்னா மூடிடறேங்க' என்று எழுது. புதன்கிழமை வந்ததும் பதில் வராததை மட்டும் மூடு. முதலில் எதையும் செய்யாமல், எதையெல்லாம் செய்யப் போகிறாய் என்று சொல்ல மட்டும் வைத்தாள். பட்டியல் சரியாக வந்தது. பிறகு ஒரே ஒரு புகாரில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தாள். சோதனைக்கு அவள் எடுத்தது நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதி, நாதியற்றுக் கிடந்த ஒரு புகார்: 'லேபிள் நிறம் கண்ணைக் குத்துது.' புரோகிராம் கேள்வி கேட்டது. அக்காவுக்கு ஒரு மெயில் வந்தது. 'இருக்கேன்' என்று தனக்குத் தானே பதில் எழுதிக்கொண்டாள். எல்லாம் பிரமாதம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முழுசாக ஓட்டிவிட்டு, மூடியைத் திருகி வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஐம்பது. இருநூறு. நானூறு. நானூற்று எண்பதில் நின்றது. 'ரொம்ப வேகமாகக் கேட்கிறீர்கள், கொஞ்ச நேரம் பொறுத்து வாருங்கள்' என்று ஜன்னலை மூடிவிட்டது கிடங்கு.

அப்போதுதான் ஆபீஸ் சத்தம் காதில் விழுந்தது.

இருபத்தைந்து போன்களும் மேஜைமேல் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு புகாரை எழுதியவருக்கும், அதில் ஒரு வார்த்தை பேசியவருக்கும், அங்கே எது நடந்தாலும் மெயில் போகும். அக்காவுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் கையால் ஆறு பேரைக் கேட்டபோது அது ஆறு பேருக்கு ஒரு வரி. இப்போது கால் மணி நேரத்தில் நானூற்று எண்பது. அதிகம் வாங்கினவர் ஒருநிமிஷம். காரணம், அவர் பாதிக்கு மேற்பட்ட புகார்களின் அடியில் ஏதோ ஒரு காலத்தில் 'ஒரு நிமிஷம், பாக்கறேன்' என்று எழுதி வைத்திருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு மெயில். அவர் போன் நகர்ந்து நகர்ந்து மேஜை விளிம்பிலிருந்து கீழே விழுந்தது.

ஆபீசோடு நின்றிருந்தாலாவது போகட்டும். வேலையை விட்டுப் போனவர்கள், வேறு ஊர் போனவர்கள், பேச்சுவார்த்தையே இல்லாமல் கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லோருக்கும் அக்கா பேரில் 'இருக்கீங்களா?' என்று போயிருந்தது. அக்காவே உட்கார்ந்து தங்களை நினைத்து எழுதியிருக்கிறாள் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பதில் வர ஆரம்பித்தது. 'இருக்கேன்க்கா, ரெண்டு குழந்தை ஆயிடுச்சு.' 'இருக்கேன், முதுகுவலிதான்.' வேலையில் இருந்த காலத்தில் ஒரே அறையில் உட்கார மாட்டேன் என்று சண்டை பிடித்த டிசைன்காரியும் ஒரு டெஸ்டிங்காரனும் உண்டு. அடுத்தடுத்த மாசத்தில் வேலையை விட்டார்கள். டிசைன்காரியிடமிருந்து வந்த பதில்: 'இருக்கேன்க்கா. அவரும் இருக்காரு, பக்கத்துலதான் உக்காந்து காய் நறுக்கறாரு.' கணக்குப் பிரிவு எழுந்து நின்று கைதட்டியது. நாங்கள் அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். ஒருத்தரும் அன்றைக்குச் சொல்லவில்லை.

ஒருநிமிஷம் அறையிலிருந்து வெளியே வந்தபோது கைதட்டல் நின்றது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கேட்டிருக்கேன் சார்."

"ஊரையே கூட்டி வெச்சிருக்கீங்க! சோதிச்சுப் பாத்தீங்களா இல்லையா?"

அக்கா பிளாஸ்க் மூடியை இறுகத் திருகி வைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தேன் சார். ஆனா என்னோட புகாரையே எடுத்துப் பாத்துட்டேன். அதுல என்னைத் தவிர யாருமே பேசலை, அதனால எனக்கு மட்டும்தான் மெயில் வந்துச்சு. தப்பு என்னோடதுதான்."

"மீதியைக் கேக்காம மூடிடுங்க. திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். கேலி பண்ணத்தான் வந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, "பிளாஸ்க்ல என்ன இருக்குன்னு எனக்காவது சொல்லுங்க," என்றாள்.

"வெந்நீர்."

"சரி, சொல்லாதீங்க."

மூன்று மணி சுமாருக்குச் சுருட்டையின் பதில் வந்தது. சுருட்டை அந்த ஆபீசில் இருந்த கெட்டிக்கார புரோகிராம்காரன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநிமிஷத்தோடு சண்டை போட்டுக்கொண்டு, அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். கண்ணாடி விரிசல் விட்டது. அதன்மேல் ஒட்டிய டேப் இன்றைக்கும் இருக்கிறது.

'இருக்கேன்க்கா. இதை மட்டும் மூடிடாதீங்க. மூட்டை எண்ணுக்கு நாலு இலக்கம்தான் இடம் விட்டிருக்கோம். பத்தாயிரமாவது மூட்டைக்கு மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். பழைய ஒண்ணாம் நம்பர் மூட்டை யாரும் வாங்கிட்டுப் போகாம அலமாரில இருந்தா, புதுசா வந்தவர் பேரு அதுமேல ஏறிடும். ஒருத்தர் வேட்டி இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடும். அப்பவே எழுதினேன். யாரும் படிக்கலை. பிளாஸ்க்ல என்னதான்க்கா வெச்சிருந்தீங்க?'

அக்கா இரண்டு தடவை படித்தாள். கடைகளில் வருஷம் பிறந்தால் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குவார்கள், அதே எண் திரும்பி வருவதற்குள் பழைய மூட்டை அலமாரியை விட்டுப் போயிருக்கும். ஒரு கிளைக்கு வருஷத்துக்கு ஏழாயிரம் மூட்டை தாண்டாது. அதனால் இத்தனை காலம் தப்பித்தது. இனிமேல் பதினோரு கிளைக்கும் ஒரே வரிசை. பேப்பரை எடுத்துப் பெருக்கி, வாரத்தால் வகுத்தாள். ஏழாவது வாரம் வேட்டி மாறும்.

அக்கா மேனேஜர் அறைக்குப் போகவில்லை. நேராக நாத்தனார் மேஜைக்குப் போனாள்.

"ஒரு பொய்க் கடை திறந்து பத்தாயிரம் மூட்டை போட்டுப் பாக்க முடியுமா உன்னால?"

"பத்தாயிரமா? எதுக்கு?"

"போடு, சொல்றேன்."

நாத்தனாரிடம் குறை ஆயிரம் இருக்கலாம். வேலை என்று வந்துவிட்டால் அவள் அவள்தான். அரைமணி நேரத்தில் பொய்க் கடைக்குப் பத்தாயிரத்து ஒரு மூட்டை வந்து சேர்ந்தது. முதல் மூட்டைக்குச் சொந்தக்காரர் என்று தன் அம்மா பேரைப் போட்டிருந்தாள். கடைசி மூட்டைக்கு அண்ணன் பேர். ஒன்றாம் எண் அட்டையைத் திறந்தால், அம்மா புடவைக்கு அண்ணன் சொந்தக்காரர்.

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. "நாலு வருஷமா இது இங்கயேவா இருந்துச்சு?"

"இங்கயேதான். 'பிறகு'ன்னு லேபிள் ஒட்டினது நான். ஒட்டச் சொன்னது சாரு. கீழ பாரு."

கீழே 'ஒரு நிமிஷம், பாக்கறேன்' என்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்திய தேதி.

இரண்டு பேருமாக உள்ளே போனார்கள். ஒருநிமிஷம் படித்தார். அட்டையைப் பார்த்தார். விரிசல் விட்ட கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் அறுநூத்தி நாப்பத்தாறு பாக்கி இருக்கு சார்," என்றாள் அக்கா. "அதையும் கேட்டுடறேன். இந்தத் தடவை மெதுவா."

"ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள்: ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவில் பத்து விநாடி மூச்சு விடு. மேனேஜரையும் ஆபீஸ்காரர்களையும் மெயிலை நிறுத்தி வைக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் இரண்டு மணி நேரத்தில், ஜன்னல் ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல், புரோகிராம் எல்லோரையும் கேட்டு முடித்தது. சுருட்டையோடு நாத்தனாரே போனில் பேசி எண்ணுக்கு எட்டு இலக்கமாக்கினாள். அந்த வெளிக் கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை வந்தார்கள். லிஃப்ட் ஓடாத நாள். மேலே வந்து மூச்சு வாங்கினவர்களிடம், வெள்ளிக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்று ஒருநிமிஷம் அனுப்பி வைத்தார். வேலை அக்காவுக்கு இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மூடுகிற புரோகிராம் ஓடியது. இன்னும் இருக்கிறது என்று பதில் வந்த புகார் நாற்பத்தொன்று. அதில் சுருட்டையுடையதைச் சரிபண்ணியாயிற்று. மீதியெல்லாம் மூடி, பாக்கி நூற்று முப்பத்திரண்டு.

"நூறுன்னுதான சொன்னேன்?" என்றார் ஒருநிமிஷம்.

"நாப்பது பேரு 'இருக்கேன்'னு சொல்லியிருக்காங்க சார். கேட்டுட்டு மூஞ்சில அடிச்ச மாதிரி மூடறதா? மூடணும்னா நீங்க மூடுங்க, உங்க டோக்கன்ல."

அவர் மூடவில்லை.

வெள்ளிக்கிழமை லாண்டரிக்காரர் வந்தார். பருமனான ஆள். லிஃப்ட் அன்றும் இல்லை. நாற்காலியில் விழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி பட்டியலைப் பற்றியது அல்ல.

"யாருங்க அது, இருக்கீங்களான்னு கேட்டது?"

ஒருநிமிஷம் முந்திக்கொண்டார். "அது வந்து... மெஷின் சார். ஆட்டோமேட்டிக். தப்பா நினைச்சுக்காதீங்க."

லாண்டரிக்காரர் முகம் வாடியது. "மெஷினா? ரெண்டு வருஷம் முன்னாடி அட்டை தலைகீழா அடிக்குதுன்னு எழுதினேன். ஒரு பதிலில்லை. போன வியாழக்கிழமைதான் முதல்முதல்ல ஒரு ஆளு கேக்குதேன்னு நினைச்சேன்."

"அனுப்பினது மெஷினுங்க," என்றாள் அக்கா தன் மேஜையிலிருந்தே. "என்ன கேக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது நான். வந்த பதிலைப் படிச்சதும் நான்தான். உங்க அட்டை இப்ப நேரா அடிக்கும், பாத்துட்டேன். இன்னொண்ணு இருக்கு, அதையும் காட்டிடறேன், இப்படி வாங்க."

ஒருநிமிஷம் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுருட்டையின் புகாரைத் திறந்து காட்டினாள்: நாலு வருஷத்துத் தேதி, பழைய லேபிள், போன வாரத்துப் பதில், சரிபண்ணின நாள், எதையும் மறைக்காமல். லாண்டரிக்காரர் உதட்டை அசைத்து மனக்கணக்குப் போட்டார்.

"ஏழு வாரத்துல பத்தாயிரம் தாண்டியிருப்போமேம்மா! ஒருத்தர் துணியை இன்னொருத்தருக்குக் குடுத்தா எங்க தொழில்ல அதோட கடையைச் சாத்தணும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க கடையிலயும் இப்படித்தான். ஒரு வருஷமா ஆளு வராத மூட்டை இருந்தா, ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் அலமாரியைக் காலி பண்ணுவோம். அப்படிக் கேக்கறப்பதான் நாலு பேரு ஓடி வருவாங்க."

"நாப்பத்தொரு பேருங்க," என்றாள் அக்கா.

அவர் ஒருநிமிஷத்திடம் திரும்பினார். "திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம். ஆனா எங்க புகாருக்கெல்லாம் இவங்கதான் பொறுப்பு. அதையும் எழுதுங்க, அப்பதான் கையெழுத்து."

ஒருநிமிஷம் எழுதினார். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது திங்கட்கிழமைதோறும் ஒன்பது மணிக்குப் புரோகிராம் தானாகவே கிளம்பிப் போய், ஆறு மாசமாகச் சத்தமில்லாத புகாரையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறது. பத்து விநாடிக்கு ஒரு மூச்சு. பதில் வந்தவர்களோடு அக்கா நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் எங்கே வீடு மாறினார் என்பது கணக்குப் பிரிவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் மேஜையை வாசல் பக்கமே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிளாஸ்டிக் செடி மாடிப்படிக்குப் போயிற்று. வீட்டில் மாமியாரிடமும் உண்மையைச் சொல்லியாயிற்று. அவர் நம்பவில்லை, தையல் வராததை மறைக்கிறாள் என்று நினைக்கிறார்.

போன வாரம் நாத்தனார் வந்து மேஜைமேல் கையூன்றி நின்றாள்.

"அண்ணி, எங்க டெஸ்டிங் பட்டியலும் எழுநூறு தாண்டிடுச்சு. உங்க புரோகிராமை எங்களுக்கும் கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்."

அக்கா பிளாஸ்க் மூடியை நிதானமாகத் திருகினாள். ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள்.